எதிர்ப்பக்கத்துத் தொகுதி

எங்கள் அப்பாவுக்குக் கோயில் இரண்டாம்பட்சம், தொகுதிதான் முதல். லண்டனின் தெற்கே, மிச்சம் என்ற ஊருக்கும் நோர்பரிக்கும் இடையில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் நிற்கும் ஒரு வீதியில் இருந்தோம். அந்தப் பகுதியின் அரசியல் சரித்திரம் அப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம். மேட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகள் பரம்பரையாக ஒரு கட்சிக்கு, ரயில் பாதைக்குக் கீழே நகரசபை வாடகைக்கு விடுகிற கவுன்சில் வீடுகள் மற்றக் கட்சிக்கு, நடுவிலே கிடக்கிற எங்களைப் போன்ற வீதிகள்தான் எம்.பி.யைத் தீர்மானிக்கின்றன என்று கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொல்லுவார். பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து, கண் எரிய எரிய, கட்சி நோட்டீஸ்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார். இலங்கை போன்ற பொதுநலவாய நாட்டுக்காரருக்கு இங்கே வோட்டு உண்டு என்பது எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களைப் பிடித்துப் பெயர் பதிய வைத்தவர் அப்பாதான். எம்.பி. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெயர் தப்புத்தான், ஆனாலும் அப்பாவுக்கு அது பெரிய பட்டம்.

இந்த உழைப்பெல்லாம் வெறும் ஆசையால் வந்ததில்லை. அப்பாவின் கடைசித் தம்பி, என் சித்தப்பா, எங்களோடு இருந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். குறித்த நாட்களில் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வருவார். திருப்பி அனுப்பப் போகிறோம் என்று சொல்லும்போதெல்லாம் எம்.பி. உள்துறைக்கு எழுதுவார், காரியம் தள்ளிப்போகும். அந்த எம்.பி. இருக்கும்வரை தம்பி இருப்பான் என்பது அப்பாவின் கணக்கு. சித்தப்பாவோ கவலையை வெளியே காட்டாத மனிதர். ரேடியோவில் வானிலை சொல்லுகிறவரின் குரலை அப்படியே பிடித்து, காலையில் என்னை எழுப்பி, இன்றைக்கு மிச்சத்தில் கடும் வெயில் என்று அறிவிப்பார். வெளியே மழை கொட்டும். அவரைப் போல என்னைச் சிரிக்க வைத்தவர் பிறகு ஒருவரும் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் தொகுதிகளின் எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். புது எல்லை எங்கள் வீதியின் நடுவாலே ஓடியது. எதிர்ப்பக்கத்து வீடுகள் பழைய எம்.பி.யிடமே இருக்க, எங்கள் பக்கம் அடுத்த தொகுதிக்குப் போயிற்று. அப்பா அதைக் காகித விவகாரம் என்றே நினைத்தார். அடுத்து வந்த தேர்தலில், தான் வோட்டுப் போட முடியாத ஒருவருக்காக வீதி வீதியாக வோட்டுக் கேட்டார். பழையவர் வென்றார். அடுத்த தொகுதியில் எதிர்க்கட்சிக்காரர் வென்றார்.

பழைய எம்.பி. சனிக்கிழமைகளில் நூலகத்தில் ஆட்களைச் சந்திப்பார். சித்தப்பாவுக்காக மறுபடி எழுதச் சொல்லிக் கேட்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே எம்.பி.யின் உதவியாளப் பெண் மறித்துவிட்டாள். கெட்டவள் இல்லை, அவளுக்கே முகம் வாடியிருந்தது. ஒரு எம்.பி. இன்னொரு எம்.பி.யின் தொகுதிக்காரருக்காக எழுதுவதில்லை, அது பாராளுமன்ற வழக்கம், உங்கள் புது எம்.பி.யிடம் போங்கள் என்றாள். இத்தனை வருஷம் அவருக்காக நடந்தேனே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். வழக்கத்துக்குக் காது ஏது?

புது எம்.பி. தங்கமானவராகவும் இருந்திருக்கலாம். போய்க் கேட்டால்தானே தெரியும்? அம்மா அதைத்தான் சொன்னார். அப்பா கேட்கவில்லை.

“அந்தாளுக்கு எதிரா நோட்டீஸ் குடுத்த நான், என்ன முகத்தோட போய் அவரிட்டக் கேக்கிறது?”

ஊரில் எம்.பி. என்றால் அப்படித்தான், தனக்கு வேலை செய்தவனுக்குச் செய்வார், மற்றவனைப் படியேற விடமாட்டார். இங்கேயும் அதேதான் என்று அப்பா நம்பினார். ஆகவே தம்பியைத் தொகுதி மாற்றினார். எதிர்வீட்டு அன்ரியிடம் ஒரு அறை காலியாக இருந்தது. சித்தப்பா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடேயே வீதியைக் கடந்து பழைய எம்.பி.யின் தொகுதிக்குக் குடிபோனார். எனக்கு அது பெரிய வேடிக்கை. பள்ளிக்கூடம் போகும்போது அங்கே ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவேன்.

“அண்ணை, விலாசம் மாறினதை இமிகிரேஷனுக்குச் சொல்லவேணுமெல்லோ?” என்று சித்தப்பா கேட்டார்.

“எம்.பி. எழுதேக்க புது விலாசம் அதில வரும்தானே. ரெண்டு கிழமை பொறு.”

அந்த இரண்டு கிழமை முடியுமுன்பு ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. அப்பா வேலையால் வந்திருக்கவில்லை. அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பொலிஸ்காரரும், கோட்டுப் போட்ட இருவரும். சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, இங்கேதானே இருக்கிறார் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் வேலிப் படலையடியில் இப்படி வந்து நின்று இளந்தாரிகளின் பெயரைக் கேட்டவர்களுக்கு அம்மா எத்தனையோ தரம் பதில் சொல்லியிருக்கிறார். வாய்க்கு அந்த ஒரு பதில்தான் பழக்கம். இல்லை, அவர் இங்கே இல்லை, என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அப்படியென்றால் எங்கே என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். கோட்டுக்காரர்களில் ஒருவர் எதையோ குறித்துக்கொண்டார். அவர்கள் போனதும் அம்மா கதவைப் பூட்டிவிட்டு வந்து, வலிக்க வலிக்க என் பின்னலை முடித்தார். எனக்கு அம்மாவை நினைத்து ஒரே பெருமை.

அடுத்த முறை கையெழுத்துப் போடப் பொலிஸ் நிலையத்துக்குப் போன சித்தப்பா திரும்பி வரவில்லை. அப்பா நூலகத்துக்கு ஓடினார். இப்போது எம்.பி. எழுதினார், சித்தப்பா எதிர்ப்பக்கத்து ஆள் அல்லவா. கொடுத்த விலாசத்தில் ஆள் இல்லை, வீட்டுக்காரரே இல்லையென்று சொல்லிவிட்டார், தலைமறைவானவருக்குத் தவணை கிடையாது என்று பதில் வந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரத்தில் படுத்திருந்த மனிதன் தலைமறைவாம்! சில நாளில் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே ஒரு லொட்ஜிலிருந்து கொஞ்சக் காலம் போன் எடுத்தார். பிறகு அதுவும் நின்றது. அவரை அங்கிருந்து யார் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அப்பா ஒருநாளும் அம்மாவைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அம்மாவுக்குச் சுகமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. விமானம் போன அன்று பின்னேரம் அப்பா படுக்கையறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அம்மா குசினிக்குள் என்னைக் கூப்பிட்டார்.

“நீயும் பக்கத்தில நிண்டனிதானே பிள்ளை. நான் அவையளுக்குப் பொய் சொன்னனானோ?”

பொய் சொல்லிவிட்டோமே என்றுதான் அம்மா பயப்படுகிறார் என நினைத்தேன்.

“இல்லை அம்மா. சித்தப்பா இஞ்ச இருக்கேல்லைத்தானே. நீங்கள் உண்மையைத்தான் சொன்னீங்கள்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பயம் தெளிந்துதான் அழுகிறார் என்று எண்ணி, நான் அவருடைய தோளைத் தடவித் தடவி, உண்மைதானே அம்மா, உண்மைதானே என்று அழுகை நிற்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.