கொட்டிய டீயும் செந்திலின் சர்வரும்

போன ஞாயிறு காலை பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வாக்கிங். நான், மனைவி, அவள் தம்பி செந்தில். முடிந்ததும் வழக்கமான டீக்கடைக்குப் போனோம். வழக்கம் என்பது எனக்கு மட்டும்தான்... மனைவி அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அதனால் கொஞ்சம் கெத்தாகவே, "மாஸ்டர், எனக்குச் சர்க்கரை இல்லாம" என்றேன்.

"இன்னா சார், திடீர்னு? சரி வுடு, வேற போட்டுத் தரேன்" என்றார் மாஸ்டர். என் தலையைத் தூரத்தில் பார்த்ததுமே தயாராகக் கலக்கி வைத்திருந்த டீயை எடுத்துக் கீழே கொட்டினார். கிளாஸின் அடியில் கரையாத சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தது! மனைவி கிளாஸ் பக்கம் திரும்பியது போலிருந்தது.

சிரித்துக்கொண்டிருந்த செந்திலின் முகம் மாறியது. "அத்தான்... எங்க சர்வர்லயும் இதேதான்" என்றான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆபீஸில், பல கம்பெனிகளின் கணக்கு வழக்குகள் ஓடும் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரும் நம் மாஸ்டர் மாதிரிதானாம். அடுத்து என்ன கேட்பார்கள் என்று ஊகித்து, முன்கூட்டியே வேலையைச் செய்து வைத்துவிடும். ஊகம் தப்பினால் கொட்டிவிடும். ஆனால் தடயம் தங்கிவிடும். அதே மெஷினில் ஓடும் வேறொருவரின் புரோகிராம் கில்லாடியாக இருந்தால், அந்தத் தடயத்தை வைத்தே அடுத்தவர் ரகசியத்தைப் படித்துவிடலாம். அதைத் தடுக்க ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலில் காவல் ஏற்பாடு உண்டு - கிளாஸை அவ்வப்போது கழுவி வைப்பது மாதிரி. கழுவினால் நேரமாகுமே? வேகம் குறையும்.

"சரி, இப்ப அதுக்கென்ன?"

"அந்தக் காவலை நான் ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன் அத்தான்."

ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப், அவன் ஆபீஸின் வாடிக்கையாளர். ரிப்போர்ட் வர லேட்டாகிறது என்று ஓயாமல் நச்சரித்தார்கள். அப்போது அந்த மெஷினில் அவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று காவலை நிறுத்திவிட்டான். ரிப்போர்ட் பறந்தது, பாராட்டும் வந்தது. பிறகு மானேஜர், இடம் காலியாக இருக்கிறதே என்று வேறு கம்பெனிகளையும் அதே மெஷினில் குடிவைத்தார். காவல் இல்லாதது அவருக்குத் தெரியாது. செந்திலுக்கோ, டீ கீழே கொட்டும்வரை ஞாபகமில்லை.

சர்க்கரை டெஸ்டுக்கு நான் ரத்தம் கொடுத்ததும் அதே லேப்பில்தான்.

செந்தில் குடிக்காத டீயை வைத்துவிட்டு பைக்கை எடுத்தான். மத்தியானம் போன் வந்தது. காவலைப் போட்டு, மெஷினை அணைத்து எழுப்பிவிட்டானாம். ரிப்போர்ட் மறுபடி லேட். மானேஜர் கத்துகிறார்.

"அவர் கத்தட்டும். நடுவுல யாராவது பார்த்திருப்பாங்களா?"

"தெரியாது அத்தான். திருடன் வந்தா பூட்டாவது உடைஞ்சிருக்கும். இதுல ஒண்ணுமே தெரியாது. அதான் பயமா இருக்கு."

எனக்கும் பகீரென்றது. யாருடைய சர்க்கரை, யாருடைய கர்ப்பம், யார் வீட்டில் சொல்லாத வியாதி... எல்லாம் அதில்தானே இருக்கிறது? எல்லாம் சீக்கிரம் வேண்டும் என்று நாம் கவுன்ட்டரில் போடுகிற சத்தம், எங்கோ ஒரு காவலைக் கழற்றிவிடுகிறது.

செந்தில் இப்போதெல்லாம் போன் அடித்தாலே பதறுகிறான். என் மனைவியோ அந்த கிளாஸைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்தாளா, இல்லையா?

கேட்டுத் தொலைத்தால்கூடத் தேவலை!