ரும்யானா அக்காவுக்கு விழுந்த இரண்டு

எங்கள் விதின் நகரத்துப் பள்ளியில் கணக்கு நடத்தும் ரும்யானா அக்காவைக் களைப்பில்லாமல் நான் பார்த்ததே இல்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வலென்சியாவில் லாரி ஓட்டுகிறான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், எங்கேயோ ஒரு தேசத்தில் யாருக்கோ உழைக்கிறார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வகுப்புகள் காலியாகிக்கொண்டே வருகின்றன. நான் அதே பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார், பெயர் க்ராசிமிர். எனக்கும் வயிற்றெரிச்சலுக்குக் குறைவில்லை.

போன குளிர்காலத்தில் தலைமையாசிரியர் பான்கோவ் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வருகிற செப்டம்பரில் எட்டாம் வகுப்பில் கணக்குப் பிரிவு கிடையாதாம், அந்த இடத்தில் சுற்றுலாப் பிரிவாம். இருக்கிற ஜனமே ஊரை விட்டு ஓடுகிறது, இவர் சுற்றுலா நடத்தப் போகிறார்! அக்கா நேரே அவர் அறைக்குப் போய் நின்றார். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றோடு சேர்ந்து, ஐரோப்பிய உதவிப் பணத்தில் நடக்கும் கூட்டுத் திட்டம் ஏதாவது கொண்டுவாருங்கள், அதைக் காட்டி மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றார் பான்கோவ். தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இணையத்தில் அலசி ஆளைப் பிடித்துக் கொடுத்தது நான். டெட்லெஃப், ஜெர்மனியில் ரேகன்ஸ்பூர்க் நகரத்துக் கணக்கு வாத்தியார். அவர் ஊரும் எங்கள் ஊர் போலவே டான்யூப் ஆற்றங்கரைதான். அக்காவின் யோசனை இது: அங்கே ஆற்றில் ஏறும் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகும். அந்த ஊர்ப் பிள்ளைகள் நீர்மட்டத்தை அளந்து இணையத்தில் போடட்டும். எங்கள் பிள்ளைகள் அதை வைத்து வரைபடம் வரைந்து, இங்கே எப்போது எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்லட்டும். ரேடியோவில் ஆற்றின் நீர்மட்டம் வாசிப்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றியதில்லை.

அதற்கப்புறம் வாராவாரம் கம்ப்யூட்டர் அறையில் வீடியோ கூட்டம். வகுப்பு முடித்து, ட்யூஷன் முடித்து, கால் வீங்கி வருவார் அக்கா. ஆங்கிலம் அவருக்குத் தன் மாணவர்களிடமே கேட்டுக் கற்றது. அவர்களுக்கு ஈஸ்டர் ஒரு நாள், எங்களுக்கு வேறொரு நாள். விடுமுறைகளை ஒத்துப்போக வைப்பதற்குள் பிராணன் போயிற்று. பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்தக் கணக்குப் பிரிவுக்காக இல்லையென்றால் என்றைக்கோ கைகழுவியிருப்பார்.

விண்ணப்பம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. மாதிரிப் பாடம் ஆளுக்கொன்று எழுதி மாற்றிக்கொள்வோம், நம் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரியே மார்க் போட்டுக்கொள்வோம் என்றார் டெட்லெஃப். அக்கா அவர் பாடத்துக்கு ஆறு போட்டு அனுப்பினார். எங்களுக்கு ஆறுதான் உச்சம். மறுநாள் அவரிடமிருந்து வந்தது இரண்டு.

எங்கள் நாட்டில் இரண்டு என்றால் பெயில். அதற்குக் கீழே மார்க்கே கிடையாது. அக்கா தன் ஆயுளில் இரண்டு வாங்கியதில்லை. சமாசாரம் ஆசிரியர் அறைக்குப் பரவியது. வேண்டுமானால் நான் ட்யூஷன் எடுக்கிறேன் என்று உடற்பயிற்சி வாத்தியார் நக்கலடித்தார். அக்கா முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரு போன் போட்டு என்ன குறைன்னு கேட்டுடுங்கக்கா," என்றேன்.

"மார்க் போட்டவங்ககிட்டப் போய் ஏன்னு கேட்டு எனக்குப் பழக்கமில்ல க்ராசி. இந்த வயசுல போய்க் கெஞ்சச் சொல்றியா? விடுப்பா, அலுத்துப்போச்சு."

எங்களுக்குத் தகுதி போதவில்லை, விலகிக்கொள்கிறோம் என்று எழுதி அனுப்பிவிட்டார். வாழ்த்துக்கள் என்று ஒற்றை வரியில் டெட்லெஃப் பதில் போட்டார். கடைசி நாளும் கடந்துபோயிற்று.

எனக்குத்தான் ஆறவில்லை. வசந்தத்தில் ஒரு நாள் கோபம் தாங்காமல் டெட்லெஃபுக்கு எழுதித் தீர்த்தேன். உங்களுக்கு அந்த அம்மா முழுசாக ஆறு போட்டார், நீங்கள் வெறும் இரண்டு போட்டீர்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். அனுப்பின சூட்டோடு வீடியோவில் கூப்பிட்டார். நான் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். திரையில் மனிதர் வெளிறிப்போயிருந்தார்.

"மேடம், எங்க ஊர்ல ஒண்ணுதான் உச்சம், ஆறுன்னா படு பெயில். ரெண்டுன்னா ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம். அதையே நான் லேசுல போடமாட்டேன். நீங்க ஆறு போட்டதும் எனக்குத் தூக்கமே போச்சு. அப்புறம் விலகுறோம்னு வேற எழுதினீங்க. சரி, நம்மளப் பிடிக்கல போலன்னு..."

அதற்குள் அவர் ஓர் ஆஸ்திரியப் பள்ளியைச் சேர்த்துக்கொண்டு வேறொரு திட்டத்தை அனுப்பிவிட்டிருந்தார். அடுத்த வருஷம் கட்டாயம் நாம் சேர்ந்து செய்யலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அடுத்த வருஷமும் பாடம் இருக்கும் சார். பிள்ளைங்க இருக்க மாட்டாங்க," என்றார் அக்கா.

திரை அணைந்த பிறகு நாற்காலியில் சாய்ந்தபடி, "உண்மையைச் சொன்னா அவர் பாடம் நாலுக்குத்தான் தேறும். வெளியூர் மனுஷன், மனசு நோகக் கூடாதேன்னு ஆறு போட்டேன்," என்றார்.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. கணக்குப் பிரிவுக்கென்று காத்திருந்த பிள்ளைகளில் இரண்டு பேர் தலைநகர் சோபியாவுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் சுற்றுலாப் பிரிவில் சேர்ந்தார்கள். முதல் நாள் வழக்கப்படி பிள்ளைகள் கொடுத்த பூங்கொத்துகளை மேஜையில் வைத்துவிட்டு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எட்டாங்கிளாஸ் கணக்குப் பிரிவுல முதல் நாள் என்ன சொல்லுவேன் தெரியுமா? எக்ஸ்னா என்னன்னு முதல்ல எழுதிக்கோ, அப்புறமா கணக்குல இறங்குன்னு. வருஷா வருஷம் சொல்லிருக்கேன். நானும் அந்த டெட்லெஃபும் ரெண்டு பேருமே கணக்கு வாத்தியாருங்க க்ராசி. ரெண்டு பேருமே எழுதல."

இந்த வருஷம் அதைச் சொல்வதற்கு வகுப்பும் இல்லை.