ஆற்றோடு போனவரின் பெயர்

2009இல் குரொய்டன் பக்கம், ஹோட்டல் விரிப்புகள் துவைக்கும் லோண்டரி ஒன்றில் வேலை செய்தேன். என்னோடு சேர்ந்து விரிப்பு மடித்தவள் ஒரு போலந்துப் பெண். தேநீர் இடைவேளையில் தடித்த நாவல் ஒன்றை விரித்துக்கொள்வாள். பழைய கிராமத்துப் பேய்கள் இன்றைய வார்சோவில் குடியேறுகிற மாயக்கதை அது. எனக்குப் போலிஷ் தெரியாது. இருவரிடமும் இருந்த அரைகுறை ஆங்கிலத்தில், படித்ததை அவ்வப்போது சொல்லுவாள். நடுப்பகலில் வயலில் நிற்பவர்களின் கழுத்தைத் திருகும் வெள்ளையுடைப் பெண், அடுப்புக்குப் பின்னால் குடியிருக்கும் குள்ளன். நான் சிரித்துக்கொண்டே, “பிறகு?” என்பேன்.

ஒருநாள் கதையில் ஆற்றுப்பேய் வந்தது. மூழ்கிச் செத்தவன் அடக்கம் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே கிடந்து, கரைக்கு வருபவர்களின் காலைப் பிடித்து இழுப்பானாம்.

“சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன்,” என்றாள். “எங்கள் ஊர் ஜெர்மன் எல்லை ஆற்றோரம். ஒரு கறுத்த ஆள் நாணலில் சிக்கிக் கிடந்தான். ஆற்றுப்பேய் என்று கல்லெறிந்தோம்.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அந்த ஆற்றைக் கடந்துதான் நானும் வந்தேன்.”

தொண்ணூறுகளில், இலங்கையிலிருந்து ஆட்களைக் கள்ளமாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் விடியப்போகிற நேரத்தில் எங்களைக் கயிற்றைப் பிடித்து இறங்கச் சொன்னதையும், எனக்குப் பின்னால் வந்தவர் கரையேறாததையும் சொன்னேன். அவள் பார்த்தது அவரைத்தானா என்று எப்படித் தெரியும்? அந்த ஆற்றோடு போனவர்கள் பலர்.

அவளுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. “நாங்கள் குழந்தைகள்,” என்றாள். பிறகு, கதையில் அந்தப் பேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது அமைதியாகிவிடும் என்றாள். “அவருடைய பெயர் என்ன?”

எனக்குத் தெரியாது. ஆற்றைக் கடக்கும் முன் கிழமைக்கணக்காக ஒரே அறையில் கிடந்தோம். ஒரே போர்வைக்குள் படுத்தோம். பெயர் கேட்கக் கூடாது என்பது ஏஜென்சியின் கட்டளை. ‘அண்ணை’ என்று கூப்பிட்டேன், அதுவே போதுமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், மணியடிக்கும் முன்பே எழுந்து போய் விரிப்பு மடிக்கத் தொடங்கினேன்.

நவம்பரில் போலந்துக்காரர்கள் இறந்தவர்களுக்கு விளக்கு வைப்பார்கள். சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்றை அவள் கொண்டுவந்து தந்தாள். தோர்ண்டன் ஹீத்தில் இருந்த எங்கள் வீட்டுப் பின்வளவில் அதைக் கொளுத்தினேன்.

“ஆருக்கப்பா இது?” என்று மனைவி கேட்டாள்.

“என்னோட வந்த ஒரு அண்ணைக்கு. ஆத்தோட போயிட்டார்.”

“பேரென்ன?”

“தெரியாது.”

“இவ்வளவு காலமும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லேல்லையே?”

“வெக்கமாக் கிடந்தது.”

காற்றில் விளக்கு அணைந்தது. மனைவி உள்ளே போய் நெருப்புப்பெட்டி எடுத்து வந்தாள்.