பெண்களுக்கு ஒரு சுற்று

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற மாதங்களில்தான் நான் கொழும்பில் முதன்முதலாகச் சைக்கிள் வாங்கப் போனேன். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வீடு, கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஓட்டோக்காரர்கள் கொள்ளுப்பிட்டி என்றதும் மாட்டேனென்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருத்திக்கு சைக்கிள் பெரிய விஷயமா? போர்க்காலத்தில் எரிபொருள் வராத வருடங்களில் அங்கே எல்லோரும் சைக்கிளில்தான் திரிந்தோம். காய்ச்சலில் கிடந்த அம்மாவைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிவரை மிதித்தவள் நான். ஆகவே இதை ஒரு மத்தியான அலுவல் என்று நினைத்துக்கொண்டு மாளிகாவத்தையில் இருந்த சைக்கிள் கடைக்குப் போனேன்.

"லேடீஸ் சைக்கிள் ஒண்டு வேணும். நடுவில பார் இல்லாதது. செயின் கவரும் கரியரும் இருக்கோணும்."

கடை முதலாளி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது இப்ப வாறல்ல மிஸ். மவுண்டன் பைக் எடுங்க. இருபத்தொரு கியர் ஈக்கி."

"கொழும்பில மலை எங்க இருக்கு?"

"மலை இல்லதான். ஆனா எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க."

அவர் குறை சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் காட்டினார். விரல் தடிப்பில் டயரும் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டிலும் உள்ள ரேசிங் சைக்கிள். மடித்துக் கையில் தூக்கக்கூடிய குட்டிச் சைக்கிள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கலப்பினம். ஒன்றிலும் சேலையோடு ஏற முடியாது.

எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் இருந்தது. சைக்கிளின் கதையை நான் ஓரளவு வாசித்திருக்கிறேன். ஒரு காலத்தில் ஆளுயர முன்சக்கரத்துக்கு மேலே ஏறி இருந்து ஓட்டினார்கள். கல்லில் தட்டினால் தலைகுப்புற விழவேண்டியதுதான். பிறகு இரண்டு சக்கரங்களும் ஒரே அளவாகி, செயின் வந்து, பயமில்லாமல் ஓடக்கூடிய வண்டியானது. அது வந்த கொஞ்ச நாளிலேயே, நீளப் பாவாடை உடுத்த பெண்களுக்காக நடுப் பாரைக் கீழே வளைத்துச் செய்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு முதலே யாரோ யோசித்து முடித்த விஷயம். நான் கடைக்குப் போன அன்று அது மட்டும் கொழும்பில் இல்லை.

கடைசியில் மவுண்டன் பைக்கைத்தான் வாங்கினேன். அது ஓர் ஆணின் உயரத்துக்குச் செய்தது. நின்றால் பெருவிரல் மட்டும்தான் நிலத்தில் முட்டும். சேலையை விட்டுச் சல்வாருக்கு மாறினேன்.

தொடர்மாடி நிர்வாகக் குழு, துவிச்சக்கர வண்டிகளைக் கீழ்த்தளத்தில் நிறுத்தக் கூடாது என்று கடிதம் அனுப்பியது. லிப்டில் ஏற்றவும் கூடாதாம், சுவரில் கீறல் விழுமாம். ஆகவே ஒவ்வொரு மாலையும் ஐந்து மாடிக்கு அதைத் தோளில் சுமந்தேன். அலுவலகத்தில் இன்னும் மோசம். பெற்றோல் இல்லாததால் கார் நிறுத்துமிடம் வெறுமையாகக் கிடந்தது. வாசலில் நின்ற காவலாளி கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"பே நோனா. மே கார் பார்க் எக்க."

முடியாதாம், இது காருக்கான இடமாம். ஒரு கார்கூட இல்லாத இடத்தைக் கையால் காட்டிக் காட்டி நான் சிங்களத்தில் வாதாடினேன். அவர் சிரித்தபடியே மறுத்தார். இரண்டு கிழமை மேலாளருக்குக் கடிதம் எழுதிய பிறகு, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு மூலை கிடைத்தது.

வீட்டிலும் ஆதரவில்லை. என் கணவர் எங்கள் காரோடு பம்பலப்பிட்டியில் வரிசையில் இரண்டு நாளாகக் கிடந்தார். மத்தியானச் சோற்றைக் கட்டி ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு நான் போய் இறங்கியபோது, பக்கத்துக் கார்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பார்சலை வாங்காமல் முதலில் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"இஞ்சேரும், இந்த வயசில உமக்கு உது தேவையே? ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். நான் வீட்டில இருந்து பத்து நிமிசத்தில வந்திட்டன். நீங்கள் ரெண்டு நாளில எத்தினை அடி முன்னுக்கு வந்தனீங்கள்?"

அவர் சோற்றுப் பார்சலை வாங்கி அவிழ்த்தார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எங்கள் அலுவலகத்தில் சைக்கிளோட்டப் போட்டி அறிவித்தார்கள். நாடே சைக்கிளுக்கு மாறிவிட்டதென்று மேலிடத்துக்கு உற்சாகம். பத்தரமுல்லைப் பக்கம், வாவியைச் சுற்றிப் போகும் வீதியில், ஞாயிறு காலையில். ஆண்களுக்கு மூன்று சுற்று. பெண்களுக்கு ஒரு சுற்று, அதுவும் போட்டியில்லை, 'ஃபன் ரைட்'. மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வேலைக்கு வந்தவர்கள் அந்த அலுவலகத்தில் இரண்டே பேர்தான். அதில் ஒருத்தி நான்.

ஏற்பாடு செய்த இளம் அதிகாரியிடம் போனேன். "தம்பி, என்னையும் மூண்டு சுற்றில போடும்."

"அது ஜென்ட்ஸுக்கு மேடம். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"கஷ்டமோ இல்லையோ எண்டு நான் ஓடிப் பாத்துச் சொல்லுறன்."

"சரி, மேல கேட்டுச் சொல்றேன்." சொல்லவேயில்லை.

ஞாயிறு காலை எட்டுப் பெண்கள் நின்றோம். ஆண்கள் முதலில் போனார்கள். சில நிமிடம் கழித்து, ஒரு ஜீப்பின் பின்னால் எங்களை விட்டார்கள். ஜீப்பின் பின்கதவைத் திறந்துவைத்து ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "மெதுவா வாங்க, சிரிங்க!" என்று கத்தினார். நடக்கிற வேகம்தான். என் பெரிய சைக்கிள் அந்த வேகத்தில் நிற்கமாட்டாமல் தள்ளாடியது. எனக்கு மனம் கூசியது. இத்தனை மாதம், காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ்களுக்கு இடையில் புகுந்து போனது இப்படி ஊர்ந்து படமெடுக்கவா?

ஜீப்பை முந்தினேன். யாரோ விசில் ஊதினார்கள். நான் திரும்பவில்லை.

ஒரு சுற்று முடிந்த இடத்தில் சிவப்புக் கொடியைக் குறுக்கே நீட்டினார்கள். அதைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் சுற்றுக்குப் போனேன். வாவிக் காற்று முகத்தில் அடித்தது. அந்த இருபத்தொரு கியரில் எனக்குச் சரியான ஒன்றை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். மூன்றாம் சுற்றில் ஆண்கள் கூட்டத்தின் வால் தெரிந்தது. இரண்டு பேரைப் பிடித்தேன். பிறகு இன்னொருவர், எங்கள் பிரிவிலேயே வேலை செய்பவர். தாண்டும்போது அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார்.

முடிவுக்கோட்டில், முதலாவதாக வந்தவர் அறுத்த ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் குறிப்பவர் என்னைப் பார்த்துவிட்டுக் கடதாசியில் எழுதாமல் பேனையைத் தாழ்த்தினார்.

"எனக்கு எவ்வளவு நேரம்?"

"உங்களுக்கு டைம் எடுக்கல்ல மேடம். லேடீஸுக்கு டைம் இல்லயே."

கொஞ்ச நேரத்தில், நான் தாண்டிவந்த அந்தச் சக ஊழியரும் வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்துக்கொண்டு சொன்னார்: "மேடம் நடுவில குறுக்கு ரோட்டால வந்திருப்பா. மூணு சுத்து வர நேரமில்ல."

"மூண்டும் சுத்தினனான். உங்களத் தாண்டித்தானே வந்தனான்!" என்றேன். "சரி சரி மேடம்," என்று இளம் அதிகாரி என் கையில் ஒரு சான்றிதழைத் தந்தார். 'பங்குபற்றியமைக்காக' என்று அச்சடித்திருந்தது. பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

குடும்பத்தினரையும் அழைத்திருந்ததால் என் கணவரும் அங்கேதான் நின்றார். முதலாளிமாரோடு தேநீர்க் கோப்பையும் கையுமாக. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார், வாய் திறக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் மெல்லச் சொன்னார்: "மூண்டு தரம் போனனீர். நான் அந்த வளைவில நிண்டு கண்டனான்."

"கண்டனீங்களோ? அப்ப அங்க ஏன் சொல்லேல்லை?"

"சனத்துக்கு முன்னால என்னத்துக்குக் கரைச்சல் எண்டு…"

அந்தப் பொய்யைச் சொன்ன சக ஊழியர்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் எனக்கு அப்போது வந்தது. அன்று முழுவதும் என் கணவரோடு கதைக்கவில்லை. அடுத்த நாளும்தான். மூன்றாம் நாள் அவராகவே வந்து, "இனி என்ன செய்யச் சொல்லுறீர்?" என்றார்.

"வாற ஞாயிறு அதே இடத்துக்கு வாங்கோ. ஃபோனில நேரம் பிடியுங்கோ."

வந்தார். வெயிலில் நின்று, ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தைச் சத்தமாகச் சொன்னார். மூன்று சுற்றும் முடிந்ததும் கணக்கை நீட்டினார். ஆண்களின் நேரங்களை அலுவலக அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓடிய பதினாலு பேரில் ஒன்பதாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இடையில் வந்தது என் நேரம்.

அந்த இடத்தில், இரண்டு வரிகளுக்கு நடுவில், நீலப் பேனையால் என் பெயரையும் நேரத்தையும் எழுதினேன். சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரியும். தெரிந்தே எழுதினேன். தேநீர் இடைவேளையில் இரண்டு பேர் நின்று வாசித்தார்கள். ஒருவர் சிரித்தார். மற்றவர் ஒன்பதாம் இடத்துக்காரர். அவர் விரலை வைத்து இரண்டு நேரங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாளைக் கழற்றிவிட்டு, விடுமுறை விண்ணப்பம் பற்றிய சுற்றறிக்கையை ஒட்டியிருந்தார்கள். யார் கழற்றியது என்று கேட்டேன். யாருக்கும் தெரியாதாம்.