அப்பா ஏறாத பாதை

“கோட்டுக் கடதாசியெல்லாம் உனக்கு விளங்குமா, புள்ளை? பள்ளிக்கூடத்துப் புத்தகமெண்டு நினைச்சியா?”

மாமி இப்படிக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.சி. தேறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் கேட்டது அப்பாவின் விடுதலைக் கடதாசியை. அதை என் கண்ணில் படாமல் தன் தமக்கையான மாமியின் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார் அப்பா.

அப்பா கஞ்சாவோடு பிடிபட்டவர். வாவியைக் கடக்க எங்களூரில் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை அடித்த மிதவை ஒன்றுதான் இருந்தது. அதைப் ‘பாதை’ என்போம். பாதை நடு வாவியில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பொலிஸ் அவருடைய நெல்லுச் சாக்கைப் பிரித்தது. தண்டனைக் காலம் முடியுமுன்பே நிபந்தனைகளோடு அவரை விட்டார்கள். ஆனாலும் அவர் வீட்டுக்கு வரவில்லை. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் மாமி வீட்டில் தங்கிவிட்டார். நானும் அம்மாவும் மேற்கே, படுவான்கரையில்.

“பாதையில ஏறப்படாதெண்டு கந்தோரில சொல்லிப்போட்டாங்க” என்பார்.

அம்மா நம்பவில்லை. “அப்பிடியும் ஒரு சட்டமா? வர மனமில்லையெண்டு சொல்லச் சொல்லு.” சொல்லிக்கொண்டே அவருக்குப் பிடித்த கருவாட்டுப் பொரியலைச் சோற்றின் மேல் வைத்துக் கட்டுவாள்.

ஞாயிறுதோறும் நான் அந்தச் சோற்றோடு போவேன். அப்பா துறையில் காத்து நிற்பார். சோற்றை வாங்குமுன் கேள்விகள் வரும். வயல் வட்டையில் தண்ணி நிற்குதா, செவலைப் பசு கண்டு போட்டுதா, அம்மா இன்னும் இருமுறாவா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் வளவுத் தென்னைகள் அங்கிருந்தே தெரியும்.

திங்கட்கிழமைகளில் அப்பா, விடுதலையானவர்களைக் கண்காணிக்கும் அந்தக் கந்தோருக்குப் போய் ஒப்பமிட வேண்டும். அதிகாரி அவரை ஊதச் சொல்லி வாயை மணந்து பார்ப்பார், கண்ணிமையை விரித்துப் பார்ப்பார், விரல் நுனிகளையும் பார்ப்பார். அந்தப் பயத்தில் அப்பா சளித் தடிமனுக்குக்கூட அரிட்ட மருந்து குடிப்பதில்லை. வெற்றிலையையும் விட்டுவிட்டார்.

“உன்ட வாயை மோந்து மோந்து அந்த மனுசனுக்குத்தான் வருத்தம் வரப்போகுது” என்று மாமி சிரிப்பாள். அப்பா சிரிக்கமாட்டார்.

நான் விடாமல் நின்றதில் மாமி கடைசியில் பெட்டியைத் திறந்தாள். கடதாசியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. திங்கள்தோறும் வர வேண்டும். கஞ்சாவும் சாராயமும் தொடக்கூடாது. விலாசம் மாறுவதானால் முன்னனுமதி பெற வேண்டும். இவற்றின் கீழே கந்தோர்க் கிளாக்கர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: “மீண்டும் பழைய பாதைக்குத் திரும்பக்கூடாது.”

கிளாக்கர் வெளியூரவர்; பாதையென்றால் அவருக்கு வழிதான். அவர் புத்திமதியாக எழுதியிருக்கிறார். கந்தோரில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் காதில் விழுந்தது எங்கள் துறையின் பாதை. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா துறையில் நின்ற எட்டு மாதங்களும் நினைவுக்கு வர, சிரிப்பை விட்டுவிட்டுக் கடதாசியோடு அவரிடம் போனேன்.

“அப்பா, இது தோணிப் பாதையில்ல. கெட்ட வழிக்குக் கிறுகிப் போகாதீங்க எண்டுதான் சொல்றாங்க.”

“அப்ப அதை அப்பிடியே எழுதுறதுதானே? என்னைப் பிடிச்சது பாதையில. திரும்பாதே எண்டதும் பாதைக்கு. நீ பிழையா வாசிச்சா மறுகா உள்ளுக்குப் போறது நான், புள்ளை.”

எனக்கு ஆத்திரம் வந்தது. என் படிப்பை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். அன்று மாலை துறை வரை என்னோடு வந்து, பாதையின் பலகையில் ஒரு காலை வைத்தார். பாதைக்காரன், “ஏறுங்க அண்ணை” என்றதும் காலை எடுத்துவிட்டார். பாதை நகர்ந்தது. அவர் சிறுத்துப்போகும் வரை பார்த்துக்கொண்டே போனேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படிக்குள் போனாள். “அப்ப வர மனமிருக்கா?” என்று உள்ளிருந்தே கேட்டாள்.

அடுத்த திங்கள் அப்பா ஊதிக்காட்ட உள்ளே போனபோது நானும் கூடவே போனேன். தோணிப் பாதையில் ஏறிப் போய், படுவான்கரையில் தன் மனைவியோடு வசிக்க அவருக்கு அனுமதி கேட்டு, இரண்டு பிரதிகள் எழுதியிருந்தேன். ஒன்றை அதிகாரியின் மேசையில் வைத்தேன். மற்றதில், கிடைத்தது என்று ஒப்பமிட்டுத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன்.