ரீபூட் ஆகாத ஐந்து மாதம்

ஆராய்ச்சிக் கூடத்தில் முந்நூறு பேருக்கும் ஒரே சர்வர். அதைக் கட்டி மேய்க்க அவன் ஒருவன். வீட்டில் முதல் பட்டதாரி. அம்மா கேட்பவர்களிடம், "கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்குறான்" என்பாள்.

சர்வரின் மொத்த அதிகாரமும் கர்னல் என்கிற அடிப்படை மென்பொருளின் கையில். அதில் ஓர் ஓட்டை. சர்வரில் சாதாரணப் பயனர் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதன் வழியே மொத்த அதிகாரத்தையும் பிடுங்கிக்கொள்ளலாம். ஐந்து மாதம் முன்பே திருத்திய கர்னலை ஏற்றிவிட்டு, பதிவேட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று கையெழுத்தும் போட்டிருந்தான். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினால்தான், அதாவது ரீபூட் செய்தால்தான், புதியது ஓடும். அன்று யாருடைய கணக்கீடோ ஓடிக்கொண்டிருந்ததால் நாளைக்கு என்று தள்ளினான், நாளை வரவேயில்லை.

இன்று காலை தற்செயலாகப் பார்த்தால், திரையில் பழைய கர்னலின் எண். இப்போது ஓடுவது ஆய்வாளர் அக்காவின் கணக்கீடு. படியேறி அவள் அறைக்குப் போனான்.

"அக்கா, ரீபூட் பண்ணணும்."

"விளையாடாதப்பா. பத்தொன்பது நாளா ஓடுது, இன்னும் ரெண்டே நாள். நடுவுல நின்னா முதல்ல இருந்துதான்."

"கர்னல்ல ஓட்டைக்கா."

"வெளியாள் நுழைய முடியாதுன்னு நீதானே பெருமையடிச்ச?"

"வெளியாளே வேணாம். உள்ள இருக்கிற ஒருத்தர் போதும்."

"என்னையே திருடிங்கிறியா?"

"உங்க பாஸ்வேர்டு மானிட்டர்ல பல்லைக் காட்டிட்டு நிக்குதேக்கா."

மானிட்டரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டை அக்கா கிழித்தாள். "சரி, இது எப்போ வந்த ஓட்டை?"

நேற்று வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் பொய் சொல்லத் தெம்பில்லை. "பழசு. சரிபண்ணிட்டேன்னு கையெழுத்துப் போட்டேன். ரீபூட் பண்ணல. தப்பு என்னுது."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு நாள் பொறு. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

வேலை தப்பும், பெயரும் தப்பும். ஆனால் அந்த இரண்டு நாளும் ஓட்டை திறந்தே கிடக்கும். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். ஓட்டைக்குள் கைவிட முதலில் சர்வருக்குள் நுழைய வேண்டுமே!

"உங்க கணக்கீடு ஓடட்டும்க்கா. மத்ததெல்லாம் நிறுத்திட்டு, ரெண்டு நாள் யாரையும் உள்ள விடப்போறதில்ல. உங்களையும் சேர்த்துத்தான். முடிஞ்சதும் ரீபூட்."

"மேலாளர் ஏன்னு கேப்பாரே?"

"சொல்றேன்."

கீழே வந்து கணக்குகளைப் பூட்டினான். பதிவேட்டில் தன் கையெழுத்தை அடித்தான். நடந்ததை நாலு வரியில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினான். இந்த ஐந்து மாதத்தில் எவனாவது புகுந்தானா என்று இனிதான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

போன் அடித்தது. மேலாளர்.

"சார், தப்பு என்னுதுதான்" என்று ஆரம்பித்தான்.