முப்பது வெங்காயமும் மூன்று மாத வேலையும்

ஜொகூரின் உலு திராமில் கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்கியே பதினோரு வருடம் ஓட்டிய புஷ்பவள்ளிக்கு, நாற்பத்தாறு வயதில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. மூன்று மாத ஒப்பந்தம். வேலை தெரிந்தவள் என்று உயிரியல் ஆசிரியர் சுகுமாறன் எழுதிக் கொடுத்தால் நீட்டிப்பார்கள். இல்லாவிட்டால் மறுபடியும் அண்டா பக்கம். ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

அந்தத் திங்கட்கிழமை சுகுமாறன் சொன்னார்: "அக்கா, முப்பது பெரிய வெங்காயம் வாங்கி, ஒவ்வொன்னையும் ஒரு கிளாஸ் தண்ணி மேல உட்கார வைங்க. அடி மட்டும் தண்ணியில படணும். வியாழக்கிழமை பிள்ளைங்க வேரை வெட்டிப் பார்ப்பாங்க."

"இவ்வளவுதானா சார்? நான் மூட்டை மூட்டையா பார்த்தவ லா."

வினையே அதுதான். வெங்காயத்தைக் கண்டால் அவள் கை அவளைக் கேட்காது. தலையில் ஒரு வெட்டு, வேரடியில் ஒரு வெட்டு, தோல் ஒரே உரி. கால் மணி நேரத்தில் முப்பதும் மொழுமொழுவென்று கிளாஸ் மேல் வீற்றிருந்தன. கழிவைப் பின்பக்கக் கறிவேப்பிலைச் செடியடியில் கொட்டினாள். அதுவும் கைப்பழக்கம்தான்.

புதன் மதியம் சுகுமாறன் குனிந்து பார்த்தார். வேரைக் காணோம். வாடை மட்டும் இருந்தது.

"இதோட வேரடி எங்கக்கா?"

"சுத்தம் பண்ணிட்டேன் சார்."

"அலமாக்! பாடமே அதுலதான் இருக்கு! வேர் அங்கருந்துதான் வரும். வேர் நுனியிலதான் செல்லுங்க ரெண்டு ரெண்டா பிரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

"எதுக்கு சார் பிரியணும்?"

"வளரத்தான். உங்க விரல்ல போன வாரம் கத்தி பட்டுச்சே, புதுத் தோல் கடையிலருந்தா வந்துச்சு? பக்கத்துச் செல்லுங்க பிரிஞ்சு ரொப்புச்சு. பிரியறதுக்கு முன்னாடி செல் தன்கிட்ட உள்ள குறிப்பையெல்லாம் நகல் எடுத்துக்கும். குறிப்பு இருக்கிற சுருள்தான் குரோமோசோம். அதையெல்லாம் நடுவுல வரிசையா நிறுத்தி, அசலும் நகலுமா ஆளுக்கொரு பக்கம் இழுத்துட்டு, ரெண்டு செல்லாயிடும். ஒன்னு கூடாது, குறையாது."

"அவ்வளவு கறாரா?"

"குறைஞ்சா புதுச் செல்லுக்கு வேலை தெரியாதுக்கா."

வேலை தெரியாது. வெள்ளிக்கிழமை அறிக்கையில் வரப்போகும் வார்த்தையை இப்போதே கேட்டுவிட்டது போலிருந்தது புஷ்பவள்ளிக்கு. முப்பது மொட்டை வெங்காயத்தையும் வாளியில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள்.

ஜொகூர் மழை மூன்று நாளும் தன் வேலையைச் செய்திருந்தது. திங்கட்கிழமை கொட்டிய வேரடிகளில் வெள்ளை வெளேரென்று வேர்மீசை.

"சார்! நான் கழிச்சுக் கட்டினதெல்லாம் பாஸாயிடுச்சு!"

எண்ணிப் பார்த்தார்கள். இருபத்தாறு தேறியது.

வியாழக்கிழமை பிள்ளைகள் வேர் நுனியை வெட்டி, அமிலத்தில் சூடாக்கி, சாயமேற்றினார்கள். மாணவி லோஷினி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஒரே கும்பலா இருக்கு சார்."

"தள்ளும்மா." வடையைத் தட்டுகிற அதே கட்டைவிரலால் புஷ்பவள்ளி கண்ணாடித் துண்டை நிதானமாக அழுத்தினாள். நுனி மெல்லிய படலமாகப் பரவியது. லோஷினி மறுபடியும் கண்ணை வைத்தாள்.

"அக்கா, நடுவுல வரிசை கட்டி நிக்குது! ஆனா நகரலையே?"

"எப்படிம்மா நகரும்? வேலை பார்க்கிறப்பவே அமிலத்துல போட்டு நிறுத்தியாச்சு. கல்யாண வீட்டுல நானும் பதினோரு வருஷம் அப்படித்தான் நின்ன இடத்துலயே நின்னேன்."

சுகுமாறன் அறிக்கையில், 'வேலை தெரிந்தவர். பொருளை வீணாக்காதவர்' என்று எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை புது ஒப்பந்தம் வந்தது. அவள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே மூன்று மாதம், அதே சம்பளம். ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

"கறாராத்தான் பிரிஞ்சிருக்கு சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.